பழைய கூட்ஸ் ஷெட் சரக்கு முனையமாக மாறும்போது என்ன நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: ஊர் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பழைய கூட்ஸ் ஷெட் இருக்கிறது, அதைப் பெரிய சரக்கு முனையமாக மாற்றப் போவதாகப் பேச்சு. அப்படி ஒரு முனையம் அன்றாடம் எப்படி இயங்கும், எதை நம்பி வளரும், ஊருக்கு என்ன நன்மை, என்ன தொல்லை? இந்திய ரயில்வேயின் நடைமுறையை வைத்து, முடிந்தவரை தமிழ்நாட்டு உதாரணங்களோடு சொல்கிறேன். சரக்குப் போக்குவரத்தோடு நெடுநாள் பழக்கம் உள்ளவன் என்பதால் என் அபிப்பிராயமும் அங்கங்கே கலந்து வரும்.

முதலில் ஒரு கணக்கு. நம் நாட்டில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் நீண்ட காலமாக மணிக்கு 25 கி.மீ.யை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. சரக்கு சராசரியாகப் போகும் தூரம் 500, 600 கி.மீ. இந்த நிதானமான வேகத்திலேயே போனாலும் ஒரு நாளில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஒரு வேகனில் ஒருமுறை சரக்கு ஏற்றியதற்கும் அதே வேகனில் அடுத்த முறை ஏற்றுவதற்கும் இடையே சுமார் 5 நாள் ஓடிவிடுகிறது. காலியாகத் திரும்புகிற பயணத்துக்கு இன்னொரு நாளைக் கழித்தாலும் மீதி 3 நாள் எங்கே போனது? பெரும்பகுதி முனையங்களிலும் யார்டுகளிலும் நின்றே கழிகிறது. அதனால் ஒரு முனையத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே வந்த ரேக், அதாவது ஒன்றாகக் கோத்த வேகன்களின் முழு வரிசை, எத்தனை மணி நேரத்தில் வெளியே போகிறது? எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு ரேக்கின் ஒரு நாளைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். டெல்டா மாவட்டங்களில் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்கிய நெல், தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற இடங்களிலிருந்து ரயிலில் ஏறி மற்ற மாவட்டங்களுக்கு அரவைக்குப் போவது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. அனுப்புகிறவர், அதாவது நுகர்பொருள் வாணிபக் கழகம், எந்த நாளில் எந்த வகை வேகன் எத்தனை வேண்டும் என்று இண்டென்ட் போட வேண்டும். இப்போது இதை ஆன்லைனிலேயே போடலாம். கோட்டத்தின் கன்ட்ரோல் அறை, எஃப்.ஓ.ஐ.எஸ். என்ற கணினி அமைப்பில் காலி ரேக் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒதுக்கும். மூட்டைச் சரக்குக்கு வருவது பி.சி.என். வகை மூடிய வேகன்கள். முழு ரேக் என்றால் 42. சரக்கு குறைவாக இருந்தால் பாதியாக 21 வேகன் எடுத்துக்கொள்வதும் உண்டு.

ரேக் உள்ளே வந்து லைனில் நின்றதும் கூட்ஸ் கிளார்க் அந்த நேரத்தைப் பதிவு செய்வார். இதற்குப் பெயர் பிளேஸ்மென்ட். அந்த நிமிடத்திலிருந்து இலவச நேரம் ஓட ஆரம்பிக்கும். வேகனின் வகையையும், ஏற்றுவது இயந்திரமா ஆட்களா என்பதையும் பொறுத்து அது மாறும். எப்படிப் பார்த்தாலும் சில மணி நேரம்தான். அது முடிந்தும் வேலை முடியவில்லை என்றால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். அதன் அடிப்படை விகிதம் 8 சக்கர வேகன் ஒன்றுக்கு மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால், 42 வேகனுக்கு ஒரு மணி நேரத்துக்கு 6,300 ரூபாய். தாமதம் தொடர்ந்தால் விகிதத்தைப் பல மடங்கு உயர்த்தவும் விதியில் இடம் உண்டு. இறக்கிய சரக்கு ரயில்வே இடத்திலேயே கிடந்தால் அதற்கு வார்ஃபேஜ் என்ற கட்டணம் தனி.

இப்போது வேலையின் அளவைப் பாருங்கள். ஒரு வேகனுக்கு சுமார் 62 டன் என்றால் 42 வேகன் அரிசி ரேக்கில் 2,600 டன். 50 கிலோ மூட்டையாக 52,000 மூட்டை. 9 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 96 மூட்டை லாரியிலிருந்து வேகனுக்கு மாற வேண்டும். ஒரு லாரிக்கு 20 டன் என்றால் 130 லாரி நடை; நாலு நிமிடத்துக்கு ஒரு லாரி கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரு கூட்ஸ் ஷெட் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தண்டவாளம் சரியாக இருக்கும், ரேக் நேரத்துக்கு வந்திருக்கும். ஆனால் ஷெட்டுக்கு வரும் சாலை ஒரு லாரி மட்டும் போகிற அகலத்தில் இருக்கும். எதிரே காலி லாரி வந்தால் இரண்டும் நிற்கும். நகருக்கு நடுவில் உள்ள ஷெட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் கனரக வாகனங்களுக்குத் தடை இருக்கும் ஊரில் ரேக் காலையில் வந்து நின்றால், லாரி வருவது இரவுக்குத்தான். இடைப்பட்ட நேரம் முழுக்க வீண்.

ஏற்றி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கதவுகளை மூடி சீல் வைக்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். ஓடும் ரயிலையே எடை போடும் மேடைகள் வழியில் இருக்கும், அங்கே அதிக பாரம் தெரிந்தால் அபராதம். ஆர்.ஆர். எனப்படும் ரயில்வே ரசீது தயாராக வேண்டும். இப்போது அது மின்னணு வடிவிலும் வருகிறது. ரேக்கின் பரிசோதனைச் சான்று காலாவதியாகி இருந்தால் டி.எக்ஸ்.ஆர். ஊழியர்கள் வந்து ஒவ்வொரு வேகனின் பிரேக், சக்கரம், கப்லிங் எல்லாவற்றையும் பார்த்துப் புதிய பிரேக் பவர் சர்டிஃபிகேட் தர வேண்டும். பழுதான வேகன் இருந்தால் அதைக் கழற்றி ஓரமாக விட வேண்டும். எஞ்சின் வர வேண்டும், லோகோ பைலட் வர வேண்டும். எல்லாம் தயாரான பிறகும் பிரதான பாதையில் இடம் கிடைக்க வேண்டும். ஒற்றைப் பாதை உள்ள இடத்தில் அடுத்தடுத்து பயணிகள் ரயில்கள் வந்தால் தயாரான ரேக் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். இதைக் குறைக்கத்தான் ஏற்றி இறக்கும் வரை எஞ்சினைக் கழற்றாமல் ரேக்கோடு நிறுத்திவைக்கும் முறை வந்தது. வேலை வேகமாக நடக்கும் முனையத்தில் அது நல்ல ஏற்பாடு. மெதுவாக நடக்கும் இடத்தில் எஞ்சினும் சேர்ந்து முடங்கும்.

உங்கள் ஊர் ஷெட் ஏன் இத்தனை வருடம் தூங்கியது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் ஒரு வேகன் சரக்கை மட்டும் பதிவு செய்து அனுப்ப முடிந்தது. வெல்ல மண்டிக்காரர் ஒரு வேகன், உப்பு வியாபாரி இரண்டு வேகன் என்று எடுப்பார்கள். எல்லாம் ஒரு பெரிய யார்டுக்குப் போகும். அங்கே போகும் திசை பார்த்துப் பிரித்துக் கோத்துப் புது ரயில்களாக்குவார்கள். தண்டையார்பேட்டை யார்டு போன்ற இடங்களின் வேலையே அதுதான். ஒவ்வொரு யார்டிலும் வேகன் நாள் கணக்கில் காத்திருந்தது. 1980களில் ரயில்வே இதை மாற்றி, ஏற்றும் இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை ரேக் பிரியாமல் போகும் முறையைக் கொண்டுவந்தது. இருக்கிற வேகன்களை வைத்தே கூடுதல் சரக்கைத் தூக்க முடிந்தது. நிலக்கரி, இரும்புத் தாது, சிமென்ட், உரம், தானியம் ஆகியவற்றுக்கு அது அருமையான ஏற்பாடு. சிறு வியாபாரிக்கு 2,600 டன் ஒரே நேரத்தில் எங்கிருந்து கிடைக்கும்? அவர் லாரிக்குப் போனார். முழு ரேக்கை வாங்க முடியாத சிறு ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடின.

அந்த முடிவைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய வேகன் பற்றாக்குறையில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1950–51இல் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இன்று 30 சதவீதத்துக்கும் கீழே. இப்போது ஆண்டுக்கு சுமார் 160 கோடி டன் ரயிலில் போகிறது, அதில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. 2020 இறுதியில் வெளியான தேசிய ரயில் திட்டம் 2030க்குள் பங்கை 45 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. நிலக்கரியை மட்டும் நம்பி அந்த எண்ணை எட்ட முடியாது. கார், மின்சாதனம், மருந்து, ஆடை, மளிகை என்று லாரிக்குப் போன சரக்கு திரும்பி வர வேண்டும். உங்கள் ஊர் வரை முனையப் பேச்சு வந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, கட்டும் விஷயத்துக்கு வருவோம். முனையத்துக்கு நிலம் தேடுகிறவர்கள் சதுரமான பெரிய இடத்தைப் பார்த்து மயங்குவதுண்டு. உண்மையில் வேண்டியது நீளம். முழு ரேக், எஞ்சின், பிரேக் வேன் சேர்த்து 700 மீட்டர் வரை வரும். அந்த நீளம் முழுக்க நேராகவும் சமமாகவும் இருக்க வேண்டும். ரயில் நிற்கும் யார்டில் 400 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் சரிவு கூடாது என்பது விதி. இன்றைய வேகன்களில் உள்ள ரோலர் பேரிங், கொஞ்சம் சரிவு இருந்தாலும் வண்டியைத் தானாக உருள விட்டுவிடும். பழைய ஷெட்டுகள் பலவற்றில் லைன் பாதி நீளம்தான். 42 வேகனையும் ஒன்றாக வைக்க முடியாது. 21 வேகனைப் பிரித்து உள்ளே தள்ளி, அதை முடித்து வெளியே இழுத்து, மற்ற 21ஐ உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு ஷண்டிங்கும் எஞ்சினையும் ஆட்களையும் பாதையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எதையாவது ஒன்றை மட்டும் செய்யப் பணம் இருக்கிறது என்றால், கூரை போடுவதற்கு முன்னால் லைனை முழு நீளத்துக்கு நீட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது நுழைவாயில். முனையத்துக்கு இரண்டு முனையிலும் பிரதான பாதையோடு இணைப்பு இருந்தால், எந்தத் திசையிலிருந்து வரும் ரயிலும் நேராக நுழைந்து நேராகப் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் இணைப்பு என்றால் பாதி ரயில்களுக்கு எஞ்சினைச் சுற்றி மாற்ற வேண்டும். அந்த வேலை ஸ்டேஷன் லைன்களில் நடக்கும். அதுவரை அங்கே மற்ற ரயில்கள் நிற்கும். மின்மயமான பாதைகளில் இன்னொரு சிக்கல். லைனுக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போனால் திறந்த வேகனில் கிரேனோ ஜே.சி.பி.யோ வைத்து வேலை செய்ய முடியாது. அதனால் ஏற்றும் லைனுக்கு முன்பே கம்பியை முடித்துவிட்டு, எஞ்சின் கம்பிக்குக் கீழேயே நின்றபடி ரேக்கைப் பின்னாலிருந்து உள்ளே தள்ளும்படி அமைப்பார்கள். அப்படித் தள்ளவும் கூடுதல் நீளம் வேண்டும். வரைபடத்தில் இந்த நீளத்தை விட்டுவிட்டால் பிறகு எப்போதும் ஒரு டீசல் எஞ்சினுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கன்டெய்னர் முனையம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். பி.எல்.சி. வகை தட்டை வேகன் 45 சேர்ந்தது ஒரு ரேக். 20 அடிப் பெட்டியாக 90 ஏறும். 90 இறக்கி 90 ஏற்றினால் 180 தூக்கு. ஒரு தூக்குக்கு நாலு நிமிடம், பெட்டியைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் இயந்திரம் இரண்டு என்று வைத்தால் 6 மணி நேரம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். நடைமுறையில் நேரத்தைத் தின்பது அடுக்கு. பெட்டிகளை நாலு அடுக்கு வைக்கிறார்கள். இன்று போக வேண்டிய பெட்டி அடியில் இருந்தால் மேலே உள்ள மூன்றையும் எடுத்து வேறெங்கோ வைத்துவிட்டு அதை எடுக்க வேண்டும். யாருக்கும் கூலி தராத தூக்கு அது. எந்தப் பெட்டி எந்த ரயிலில் எப்போது போகும் என்று முன்கூட்டியே தெரிந்து அடுக்குகிற முனையத்துக்கும், வந்த வரிசையில் அடுக்குகிற முனையத்துக்கும் இயந்திரங்கள் ஒன்றாக இருந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் வரும். தளமும் சாதாரண கான்கிரீட் போதாது. நிறைந்த பெட்டியைத் தூக்கிய ரீச் ஸ்டாக்கரின் முன் அச்சில் 100 டன் வரை பாரம் இறங்கும். மலிவாகப் போட்ட தளம் சில மழைக்காலத்தில் குழியாகிவிடும், அப்புறம் இயந்திரம் தவழ்ந்துதான் போகும்.

நம் நாட்டில் கடலிலிருந்து தள்ளி, சுங்கச் சோதனையோடு அமைந்த முதல் கன்டெய்னர் டிப்போ 1981இல் பெங்களூரில் வந்தது. 1988 மார்ச்சில் கன்டெய்னர் போக்குவரத்துக்கான அரசு நிறுவனமான கான்கார் பதிவாகி, 1989 நவம்பரில் ரயில்வேயிடமிருந்து 7 டிப்போக்களை வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் தண்டையார்பேட்டை, கோவை பக்கம் இருகூர் ஆகியவை அதன் முனையங்கள். 2006இல் கன்டெய்னர் ரயில் ஓட்டத் தனியாருக்கும் கதவு திறந்தது. சரக்கு ரயில்களுக்கென்றே போட்ட மேற்கு சரக்கு வழித்தடத்தில் கம்பியை மிக உயரமாகக் கட்டி, பெட்டி மேல் பெட்டியாக இரண்டு அடுக்கு ஓட்டுகிறார்கள். 2021 ஜனவரி 7 அன்று நியூ அடேலியிலிருந்து நியூ கிஷன்கர் வரை ஒன்றரை கி.மீ. நீள ரயில் அப்படித் தொடங்கி வைக்கப்பட்டது. தெற்கே நம் பாதைகளில் கம்பியின் உயரம் அதற்கு இடம் தராது. ஆகவே இங்குள்ள கன்டெய்னர் முனையத்துக்கு ஒரே ரயிலில் இரட்டிப்புச் சரக்கு என்ற வசதி கிடையாது. வேகமாகத் திருப்பி அனுப்புவதில்தான் அது சம்பாதித்தாக வேண்டும்.

யார் பணம் போடுவது? 2010இல் தனியார் சரக்கு முனையக் கொள்கை வந்தது. அதில் கட்டணங்களும் நிபந்தனைகளும் அதிகம். 2021 டிசம்பர் 15 அன்று கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையைக் கொண்டுவந்து பலவற்றைத் தளர்த்தினார்கள். இணைப்புப் பாதை போக வேண்டிய ரயில்வே நிலத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை, ரயில்வே துறைக்கான கட்டணம் (டிபார்ட்மென்டல் சார்ஜ்) இல்லை, வணிகப் பிரிவு ஊழியர் செலவை ரயில்வே ஏற்கும் என்பவை முக்கியமானவை. ஜார்க்கண்டின் தாப்பர்நகரில் மைத்தான் மின் நிலையத்துக்கான முனையம் 2022இல் இந்த வரிசையில் முதலாவதாகத் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, சரக்கு முனையத்துக்கான ரயில்வே நிலத்தின் ஆண்டு வாடகையை சந்தை மதிப்பில் 6 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்து, 35 ஆண்டுகள் வரை குத்தகைக்குத் தரலாம் என்றது. ஐந்து ஆண்டுகளில் 300 முனையங்கள் என்பது அப்போது சொன்ன இலக்கு. சிறிய ஸ்டேஷன்களில் இருக்கும் ஷெட்டைத் தனியார் செலவில் மேம்படுத்த 2020இல் ஒரு தனிக் கொள்கையும் வந்தது. உங்கள் ஊரில் எந்த வழியில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தனியார் தன் ஆலைக்காகக் கட்டும் முனையத்தில் மற்ற வியாபாரிகளுக்கு எந்த அளவு இடம் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

கட்டினால் சரக்கு தானாக வரும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். கார் தொழிலைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் கார்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனிலிருந்து வடக்கே ரயிலில் போகின்றன. ஆலை பக்கத்தில், போக வேண்டிய தூரம் 2,000 கி.மீ., சரக்கு ஆண்டு முழுக்க வரும்: மூன்றும் பொருந்தியதால் அது நிற்கிறது. ஹரியானாவின் மானேசரில் 2025 ஜூனில் மாருதி ஆலைக்குள்ளேயே முனையம் திறந்தார்கள், ஆண்டுக்கு நாலரை லட்சம் கார் அனுப்பும் திறனோடு. கார் ஆலையின் வாசலைத் தாண்டாமலே ரயிலேறுகிறது. ஒவ்வொரு கை மாற்றமும் ஒரு செலவு. அதில் ஒன்றைக் குறைத்தாலும் ரயிலின் பக்கம் தராசு சாயும். இதையே திருப்பிப் பார்த்தால், பெங்களூர்–சென்னை மாதிரி 350 கி.மீ. தூரத்தில் ரயில் ஏன் லாரியோடு திணறுகிறது என்பது புரியும். இரண்டு பக்கமும் லாரிக் கூலி, இரண்டு பக்கமும் ஏற்றுக் கூலி சேர்ந்தால் நடுவில் ரயிலில் மிச்சமாகும் பணம் கரைந்துவிடும்.

இன்னொரு விஷயம், திரும்பும் சரக்கு. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு பீகாரிலிருந்து மக்காச்சோளமும் வடக்கிலிருந்து புண்ணாக்கும் ரேக் ரேக்காக வருகின்றன. பண்ணையிலிருந்து போகும் முட்டை லாரியில் போகிறது. ஆகவே நாமக்கல்லில் இறக்கிய ரேக் அங்கிருந்து பெரும்பாலும் காலியாகவே கிளம்ப வேண்டும். டெல்டாவில் நெல் அறுவடை மாதங்களில் ரேக் போதாமல் திண்டாடுவார்கள். மற்ற மாதங்களில் ஷெட்டுக்கு வேலை குறைந்துவிடும். காலி ரேக் வழக்கமாக ஓடும் திசையில் சரக்கு கொடுப்பவருக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஊர் வணிகர் சங்கம் செய்யக்கூடிய உருப்படியான வேலை இதுதான்: ஊருக்குள் என்ன வருகிறது, ஊரிலிருந்து என்ன போகிறது, எந்த மாதம் எவ்வளவு என்று ஒரு கணக்கெடுத்து, காலியாகத் திரும்பும் ரேக்கில் எதை ஏற்றலாம் என்று பார்த்து ரயில்வேயின் வணிக மேம்பாட்டுப் பிரிவிடம் போய் உட்காருவது. சிலர் சேர்ந்து 20 வேகன் கொண்ட மினி ரேக் எடுக்கவும் வழி இருக்கிறது.

ரயில், லாரி, கிடங்கு எல்லாம் ஒரே இடத்தில் சேரும் பெரிய சரக்குப் பூங்காக்களின் கதை வேறு. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் பல்முறைப் போக்குவரத்துப் பூங்காவுக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு சுமார் 1,400 கோடி. அங்கே என் கண் போவது கிடங்குகளின் மேல் அல்ல. கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து அதற்குப் போட வேண்டிய 10.5 கி.மீ. ரயில் இணைப்பின் மேல். அந்தப் பாதை கிடங்குகளோடு சேர்ந்து தயாரானால் அது ரயில் முனையம். பாதை பின்தங்கினால் முதலில் வரும் வாடிக்கையாளர்கள் லாரியை வைத்துத் தங்கள் ஏற்பாட்டைச் செய்துகொள்வார்கள். அப்படிப் பழகியவர்களைப் பிறகு ரயிலுக்குத் திருப்புவது மிகவும் கடினம்.

இனி ஊரின் பக்கம். வேலைவாய்ப்பு என்று முதலில் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி லோடுமேன் வேலை, லாரி வேலை. லோடுமேன்கள் ரயில்வே ஊழியர்கள் அல்ல. வியாபாரியோ கான்ட்ராக்டரோ கூப்பிடும் ஆட்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ரேக் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. ரேக் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் வேலை. மேலே சொன்ன 52,000 மூட்டையையும் முதுகில் தூக்குகிறவர்கள் இவர்கள். ஆனால் பல ஷெட்டுகளில் இவர்களுக்குக் குடிநீரோ கழிப்பறையோ நிழலில் உட்கார ஓர் இடமோ கிடையாது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982இல் வந்த சட்டமும் அதன் கீழ் நலவாரியமும் இருக்கின்றன; பதிவு செய்துகொண்டால் விபத்து, ஓய்வூதிய உதவிகளுக்கு வழி உண்டு. புது முனையத்தின் திட்டத்தில் ஓய்வறை, கழிப்பறை, நல்ல விளக்கு, மழையில் வழுக்காத மேடை எல்லாம் முதல் நாளே இருக்க வேண்டும் என்று நீங்கள் உரக்கக் கேட்க வேண்டும். மனிதாபிமானத்துக்காகக் கேட்பது ஒரு பக்கம். இரவில் வெளிச்சமில்லாத மேடையில் வேலை பாதி வேகத்தில்தான் நடக்கும் என்பது இன்னொரு பக்கம். ஷெட் 24 மணி நேரமும் இயங்கும் என்று அறிவிப்பது எளிது. அறிவித்தபின் இலவச நேரமும் இரவு முழுக்க ஓடும்.

தூசு உண்மையான பிரச்சினை. சிமென்ட், நிலக்கரி, ஜிப்சம், உரம் இவற்றில் எது வரப்போகிறது என்று கேளுங்கள். அரிசி மூட்டையும் கார்களும் வருகிற முனையத்துக்கும், திறந்த வேகனில் நிலக்கரி வந்து கொட்டுகிற முனையத்துக்கும் பக்கத்துத் தெருவில் வாழ்கிறவர்களுக்கு மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. தண்ணீர் தெளிப்பு, உயரமான தடுப்பு, கழுவிய நீர் ஓடையில் கலக்காமல் போக வடிகால் ஆகியவை எந்தச் சரக்குக்கு எப்படி அமைக்கப்படும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் ஊர் வரைபடத்தில் ஸ்டேஷனுக்கும் ஷெட்டுக்கும் நடுவே லெவல் கிராசிங் இருக்கிறதா என்று பாருங்கள். 700 மீட்டர் ரேக் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் முனையத்துக்குள் நுழைந்தால் கேட்டைக் கடக்க மட்டும் மூன்று நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் கேட் மூடியிருக்கும் நேரம் தனி. ஷண்டிங்குக்காக ரேக் முன்னும் பின்னும் போனால் கேட் கால் மணி நேரம்கூட மூடிக் கிடக்கலாம். பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் வரும். மேம்பாலமோ சுரங்கப்பாதையோ முனையத்தின் மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்கிறதா என்று கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இப்போதே எழுதிக் கேளுங்கள். வரைபடம் முடிவான பிறகு கேட்டால் அது தனித் திட்டமாகிவிடும். ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய மேம்பாலங்களின் நீண்ட வரிசையில் அதுவும் ஒன்றாகப் போய் நிற்கும்.